குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல்: முழங்கால் வலி உள்ள அம்மாவைக் கூட்டிப் போகலாமா?

உசிலம்பட்டி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். விசாகப்பட்டினம் போய் வந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் சொல்லுங்கள். அங்கே ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐ.என்.எஸ். குர்சுரா என்ற பழைய நீர்மூழ்கிக் கப்பலை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்களே, அதற்குள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா? அம்மாவுக்கு 66 வயது. இரண்டு முழங்காலும் தேய்மானம். வீட்டு மாடிப்படியையே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத்தான் ஏறுவார்.

அப்பா கடற்படையில் 15 வருஷம் இருந்தார். போன தை மாதம் தவறிவிட்டார். வேலையைப் பற்றிப் பேசவே மாட்டார். யாராவது கேட்டால் "கப்பல்ல மெக்கானிக்" என்பதோடு சரி. அம்மா கல்யாணம் ஆனதிலிருந்து உசிலம்பட்டியில் பாட்டியோடு இருந்து, மாடு கன்று பார்த்து, எங்களை வளர்த்தவர். அப்பா இருந்த கப்பலை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

காரியம் முடிந்து அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தபோது ஒரு போட்டோ கிடைத்தது. ஐந்து பேர், எல்லோர் சட்டையிலும் எண்ணெய்க் கறை, பின்னால் கறுப்பாக ஒரு இரும்புச் சுவர். பின்பக்கத்தில் அப்பா கையெழுத்தில் "குர்சுரா, 1991". இதே கப்பல் இன்னும் உடைபடாமல் கரையில் நிற்கிறது, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நான் தேடிப் படித்துச் சொன்னேன். அன்றிலிருந்து அம்மாவிடம் ஒரே கேள்விதான்: "அவரு எங்க படுத்திருந்தாருன்னு காட்டுவாங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருநகர் ஆசிரியர்:

சகோதரி, கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு போய் வந்தேன். மணலில் சிமென்ட் மேடை கட்டி அதன்மேல் கப்பலை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு முனையில் படி ஏறி உள்ளே போய், கப்பல் முழுக்க நடந்து, அடுத்த முனையில் இறங்க வேண்டும். திங்கட்கிழமை விடுமுறை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் கூட்டம் நெருக்கித் தள்ளும். அம்மாவைக் கூட்டிப் போவதானால் வார நாளில், திறந்தவுடன் போய்விடுங்கள். வழிகாட்டிகள் எல்லோரும் ஓய்வுபெற்ற கடற்படைக்காரர்கள், பொறுமையாகப் பேசுகிறார்கள்.

இன்னொரு விஷயம். 1971 போரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கியை மூழ்கடித்தது இந்தக் கப்பல்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், பெருமைப்படுவார்.

மேலூர் பழைய இன்ஜின்காரர்:

தாயி, மேலூரிலிருந்து எழுதுகிறேன். நானும் அதே வகைக் கப்பலில் இருந்தவன்தான். குர்சுராவில் இல்லை, வாக்லியில். இன்ஜின் ரூம். உங்கள் அப்பாவை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் அவர் பார்த்த வேலை தெரியும்.

ஆசிரியர் ஐயா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஒன்றைத் திருத்திவிடுகிறேன். காஸி மூழ்கியது 1971 டிசம்பர் 3, 4 நள்ளிரவில், விசாகப்பட்டினத்துக்கு வெளியே. ஐ.என்.எஸ். ராஜ்புத் என்ற நாசகாரிக் கப்பல் போட்ட ஆழ்வெடிகளால் மூழ்கியது என்று நம் தரப்பும், உள்ளே ஏதோ வெடித்தது என்று அவர்கள் தரப்பும் சொல்வார்கள். குர்சுராவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. குர்சுரா அந்த நவம்பரில் எதிர்ப்பக்கம், அரபிக்கடலில் ரோந்து சுற்றியது. உத்தரவு வராமல் சுடக்கூடாது என்ற கட்டுப்பாடு அதற்கு இருந்தது. தண்ணீருக்கடியில் பாய்ந்து போய் வெடிக்கிற டார்பிடோ என்ற குண்டில் ஒன்றைக்கூட விடாமல் திரும்பி வந்தது. அதில் குறை ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்கடியில் நாள்கணக்காகக் காத்துக் கிடப்பதுதான் நீர்மூழ்கியின் வேலை. இல்லாத கதையைச் சொல்லித்தான் அந்தக் கப்பலுக்குப் பெருமை சேர்க்க வேண்டும் என்பதில்லை.

சரி, முழங்காலுக்கு வருவோம். பார்வையாளர்களுக்காகப் பக்கவாட்டில் இரும்பை வெட்டி வாசல் வைத்திருக்கிறார்கள், அதனால் படி ஏறும் சிரமம் மட்டும்தான். நாங்கள் இறங்கிய வழி அது இல்லை. மேலே ஒரு ஆள் நுழையும் துளை இருக்கும், அதற்குக் கீழே செங்குத்தாக இரும்பு ஏணி. அம்மாவுக்கு அந்த வேலை இல்லை. உள்ளே அறைக்கு அறை இருக்கிற வட்ட வழிதான் கஷ்டம். குனிந்தும் போக வேண்டும், காலைத் தூக்கியும் வைக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் தலையை முதலில் விட்டு நெற்றியில் இடித்துக்கொள்வார்கள். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு, வலி குறைந்த காலை முதலில் அந்தப் பக்கம் ஊன்ற வேண்டும். அப்புறம் இடுப்பு, அப்புறம் தலை, கடைசியாக வலிக்கிற கால். நீங்கள் முன்னால் போய் அந்தப் பக்கம் நின்று கை கொடுங்கள். பின்னால் ஒரு ஆள் நிற்கட்டும். சேலையை முழங்காலுக்குச் சற்றே ஏற்றிச் செருகிக்கொண்டால் நல்லது. போகும் முன் வீட்டில் ஒரு முக்காலியைத் தாண்டிப் பழகச் சொல்லுங்கள், அது போதும்.

கப்பல் 91 மீட்டர் நீளம். நம் டவுன் பஸ் எட்டை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவு. அதில் 75 பேர். உள்ளே ஏழு அறைகள். முதல் அறை முன்பக்க டார்பிடோ, அதை ஏவ ஆறு குழாய். கடைசி அறை பின்பக்க டார்பிடோ, நாலு குழாய். இரண்டாவதில் அதிகாரிகள். மூன்றாவது கன்ட்ரோல் ரூம், தண்ணீருக்கு மேலே பார்க்கிற பெரிஸ்கோப் அங்கேதான். எல்லோரும் அங்கே நின்று போட்டோ எடுப்பார்கள், நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டாம். நாலாவதில் சமையல், சாப்பாடு, படுக்கை. இரண்டாவதற்கும் நாலாவதற்கும் தரைக்கடியில் பேட்டரி, மொத்தம் 448 செல்.

ஐந்தாவது அறைக்கு வந்ததும் அம்மாவை நிறுத்துங்கள். உங்கள் அப்பா இன்ஜின் மெக்கானிக் என்றால் அது அவருடைய அறை.

படுத்த இடம் எது என்று கேட்டீர்கள். அதை யாராலும் காட்ட முடியாது தாயி. எங்களுக்கு என்று ஆளுக்கொரு படுக்கை கிடையாது. ஒருவன் வேலைக்கு எழுந்து போவான், அவன் உடம்புச் சூடு ஆறும் முன் இன்னொருவன் அதில் படுப்பான். டார்பிடோவுக்கு மேலேயும் பக்கத்திலேயும் படுக்கை இருக்கும். நாலாவது அறையில் படுத்திருப்பார், ஏழாவதில் படுத்திருப்பார், முதல் அறையிலும் படுத்திருப்பார். அம்மா எந்தப் படுக்கையைத் தொட்டாலும் அது பொய்யாகாது. ஆனால் அவர் நின்ற இடம் எது என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஐந்தாவது அறையில் மூன்று டீசல் இன்ஜின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நடுவே இரண்டு சந்து. இரண்டும் ஒரு ஆள் போகும் அகலம், எதிரில் ஒருவர் வந்தால் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும். அந்தச் சந்தில்தான் அவர் நாலு மணி நேரம் நடந்து நடந்து பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

இன்றைக்கு அங்கே சத்தம் இல்லை. அதனால் அம்மாவுக்கு நான் எழுதியே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் பக்கம் கிணற்று மேட்டில் ஐந்து குதிரைத்திறன் டீசல் பம்புசெட் ஓடி அம்மா பார்த்திருப்பார். மோட்டார் ரூமுக்குள் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, இல்லையா? கப்பலில் ஒரு இன்ஜின் 2000 குதிரைத்திறன். நானூறு பம்புசெட் சேர்ந்தால் ஒன்று. அப்படி மூன்று, மூடிய இரும்புக் குழாய்க்குள். நாங்கள் வாயால் பேசியதே இல்லை. விரல்தான். ஒரு விரல் நீட்டினால் ஒன்று, உள்ளங்கையைக் கவிழ்த்தால் வேறொன்று. வெயில் காலத்துக் கடலில் உள்ளே சூடு சொல்லி மாளாது. கழுத்தில் ஒரு துணி, அதைப் பிழிந்து பிழிந்து திரும்பப் போட்டுக்கொள்வோம்.

இதில் இன்னொரு கஷ்டம் உண்டு. தண்ணீருக்கடியில் போகும்போது பேட்டரிதான் மோட்டாரை ஓட்டும். பேட்டரி தீர்ந்தால் டீசல் இன்ஜினைப் போட்டு ஏற்ற வேண்டும். டீசலுக்குக் காற்று வேண்டும். முழுக்க மேலே வந்தால் எதிரி பார்த்துவிடுவான். அதனால் கப்பல் கொஞ்சம் ஆழத்திலேயே இருந்துகொண்டு ஸ்நார்க்கல் என்ற குழாயை மட்டும் தண்ணீருக்கு மேல் நீட்டும், தாமரைத் தண்டு மாதிரி. அலை ஒன்று அந்தக் குழாய் வாயில் ஏறினால் தண்ணீர் புகாமல் மூடி விழும். இன்ஜின் நிற்காது, வெளிக்காற்று கிடைக்காமல் உள்ளே நாங்கள் சுவாசிக்கிற காற்றையே இழுக்கும். அப்போது காது இரண்டும் உள்ளிருந்து பிடித்து இழுப்பது போல வலிக்கும். மூடி திறந்ததும் படீரென்று காற்று திரும்பி வரும். கடல் கொந்தளித்தால் ராத்திரி முழுக்க இப்படித்தான்.

இதையெல்லாம் அப்பா வீட்டில் சொல்லாதது ஆச்சரியம் இல்லை. எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று எங்களுக்கே தெரியாது. நானும் என் வீட்டில் சொன்னதில்லை. இப்போது உங்களுக்கு எழுதும்போதுதான் என் மனைவி பின்னால் நின்று படிக்கிறாள்.

உசிலம்பட்டி மகள்:

ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். காது வலி பற்றிச் சொன்ன இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அப்பாவுக்கு இடது காது சரியாகக் கேட்காது. டிவியைச் சத்தமாக வைப்பார். அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "கண்டுக்கிடவே மாட்டேங்குறாரு" என்று முப்பது வருஷம் அம்மாவுக்கு அதில் வருத்தம். அப்பாவும் காது கேட்கவில்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அப்புறம் அந்த விரல். சோறு போதும் என்பதற்கு அப்பா வாயைத் திறக்க மாட்டார், உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டுவார். நாங்கள் எல்லோரும் அதை அப்பாவின் முறைப்பு என்றே நினைத்திருந்தோம்.

இன்னொன்றும் கேட்கச் சொன்னார். அப்பா ஒரு செம்புத் தண்ணீரில் முகம் கழுவி, சவரம் செய்து, மிச்சத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றுவார். நாங்கள் குழாயைத் திறந்து விட்டால் அவருக்கு வரும் கோபம் வேறு எதற்கும் வராது. அதுவும் கப்பலில் வந்ததா?

கோரிப்பாளையம் கல்லூரி மாணவன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அக்கா. ஐயா, ஒரு கேள்வி. தமிழ்நாட்டுக்கு இவ்வளவு நீளமான கடற்கரை இருக்கிறது. இப்படி ஒரு நீர்மூழ்கியைப் பார்க்க நாம் ஏன் ஆந்திரா போக வேண்டும்? இங்கே ஒன்று வைத்திருக்கக் கூடாதா?

மேலூர் பழைய இன்ஜின்காரர்:

தாயி, ஆமாம். அது கப்பல் பழக்கம்தான். சுற்றிலும் கடல், ஆனால் உள்ளே குடிக்கிற தண்ணீர் அளந்துதான் கொடுப்பார்கள். குளிப்பது என்ற பேச்சே இல்லை. கரைக்கு வந்த முதல் நாள் குழாயடியில் நின்றால் தண்ணீர் வழிந்து ஓடுவதைப் பார்க்கவே மனசு பதறும். இன்றைக்கும் என் வீட்டில் வாளி நிரம்பி வழிந்தால் நான் ஓடிப்போய் அடைப்பேன். உங்கள் அப்பா கஞ்சத்தனத்தில் செய்யவில்லை என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

தம்பி, உன் கேள்வி என்னைச் சுடுகிறது. தப்பு உன்மேல் இல்லை. இங்கே ஒன்று வைக்கத் திட்டம் போட்டார்கள். அது நான் இருந்த கப்பல்.

சோவியத் யூனியனிலிருந்து இந்த வகையில் எட்டு நீர்மூழ்கிகள் வாங்கினோம். முதல் நாலு கல்வாரி, காந்தேரி, கரஞ்ச், குர்சுரா. 1967 டிசம்பர் 8-ல் கல்வாரி சேர்ந்தது, அந்த நாளைத்தான் இன்றும் நீர்மூழ்கி நாளாகக் கொண்டாடுகிறார்கள். குர்சுரா 1969 டிசம்பர் 18-ல் சேர்ந்தது. அடுத்த நாலு வேலா, வாகிர், வாக்லி, வாக்‌ஷீர். குர்சுரா 31 வருஷம் உழைத்து 2001 பிப்ரவரி 27-ல் ஓய்வு பெற்றது. அதைக் கரையேற்றி இப்போது நிற்கும் இடத்தில் வைக்க 18 மாதமும் ஐந்தரைக் கோடி ரூபாயும் ஆயின. சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றி நிலைக்கு வருவதை நீ பார்த்திருப்பாய். ஒரு திருப்பத்தில் கட்டை கொடுத்து, வடத்தைத் தளர்த்தி, திரும்ப இழுத்து, எத்தனை பேர் எத்தனை நேரம் பாடுபடுகிறார்கள்! அதைவிடப் பல மடங்கு கனம், அதுவும் மணலில். அவ்வளவு பாடும் பட்டார்கள், 2002 ஆகஸ்டில் மக்களுக்குத் திறந்தும் விட்டார்கள்.

வாக்லி 2010 டிசம்பரில் ஓய்வு பெற்றது. மாமல்லபுரத்தில் கொண்டுபோய் வைப்பதாகச் செய்தி வந்தபோது நாங்கள், பழைய ஆட்கள், போனில் ஒருவரையொருவர் கூப்பிட்டு அழுதோம். கப்பல் சென்னைத் துறைமுகம் வரைக்கும் வந்தது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது. மாமல்லபுரம் போய்ச் சேரவே இல்லை. ஒரு தடவை வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பெயின்ட் உரிந்து, துருப்பிடித்து, நீர்மட்டத்தில் பாசி. அதற்கு மேல் போகவில்லை.

கராச்சியில்கூட ஒன்று நிற்கிறது தம்பி. 1971 டிசம்பர் 9-ல் நம்முடைய குக்ரி கப்பலை மூழ்கடித்த ஹங்கோர் என்ற நீர்மூழ்கி. குக்ரியில் 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். குக்ரியின் கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை, அதோடு போய்விட்டார். நமக்கு அது ஆறாத புண். ஆனால் அந்தக் கப்பலில் வேலை பார்த்தவனின் மகள் இன்றைக்குப் போய் அப்பா நின்ற இடத்தைத் தொட்டுப் பார்க்கலாம். உசிலம்பட்டித் தாயியும் பார்க்கலாம். என் பேரன் பார்க்க முடியாது. எனக்கு இருக்கிற வருத்தம் இவ்வளவுதான்.

விசாகப்பட்டினம் போனால் ஒன்றை மறக்காதீர்கள். குர்சுராவுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் டி.யு.142 விமானம் நிற்கிறது. அது நம் அரக்கோணத்திலிருந்து பறந்தது. நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கிற விமானம். அது கண்டுபிடித்துவிடும் என்று பயந்துதான் எதிரி நீர்மூழ்கிக்காரன் மேலே வரத் தயங்குவான்.

உசிலம்பட்டி மகள்:

ஐயா, போய் வந்துவிட்டோம். சென்னையில் ரயில் மாறிப் போனோம். ஆசிரியர் சார் சொன்னபடி புதன்கிழமை, திறந்தவுடன் உள்ளே.

முக்காலிப் பயிற்சி உதவியது. அம்மா பத்து நாள் தினம் காலையில் திண்ணைக்கு முன்னால் முக்காலியைப் போட்டுத் தாண்டினார். பக்கத்து வீட்டுச் சித்தி "என்ன மதினி, சடுகுடு ஆடப் போறியா" என்று கேட்டாராம். முதல் வட்ட வழியில் மட்டும் பயந்து நின்றார். அப்புறம் என் கையைப் பிடிக்காமலே தாண்டினார்.

நாலாவது அறையில் படுக்கைகளைப் பார்த்தார். பொம்மை ஆட்களை வைத்திருந்தார்கள். அம்மா ஒரு படுக்கையின் விளிம்பைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அப்பா வீட்டிலும் கட்டிலின் ஓரமாக, கைகால்களை மடக்கி, சுவரைப் பார்த்துத்தான் படுப்பார். முழுக் கட்டிலும் காலியாக இருந்தாலும் அப்படித்தான். அதைப் பற்றி அம்மாவும் நானும் அங்கே எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்தாவது அறையில் வழிகாட்டியாக இருந்த பெரியவரிடம் போட்டோவைக் காட்டினேன். அவருக்கு அப்பாவை அடையாளம் தெரியவில்லை. ஆனால் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களை அந்தப் பக்கச் சந்து வழியாக அனுப்பிவிட்டு, இந்தச் சந்தை எங்களுக்கு விட்டுக் கொடுத்தார். அம்மா நடு இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார். "சில்லுனு இருக்கு" என்றார். பிறகு அந்த முனையிலிருந்து இந்த முனைவரை நடந்தார். திரும்ப நடந்தார். மூன்று தடவை. நாலாவது தடவை பாதியில் நின்று, வழிகாட்டியிடம் தமிழிலேயே கேட்டார்: "நாலு மணி நேரமும் உக்காரவே முடியாதா?" அவர் தெலுங்குக்காரர். கேள்வி எப்படியோ புரிந்துவிட்டது. உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

அம்மா அப்போதுதான் அழுதார்.

ஊருக்கு வந்த பிறகு பெட்டியை மறுபடி திறந்து அப்பாவின் கழுத்துத் துணி ஏதாவது இருக்கிறதா என்று தேடினோம். இல்லை. போட்டோவைச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறோம். எங்கள் குலதெய்வம் கோயிலில் பங்குனியில் பொங்கல் வைப்போம். உங்களையும் அத்தையையும் கட்டாயம் வரச் சொல்கிறார் அம்மா. உங்களுக்கு எந்தக் காதில் கேட்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அந்தப் பக்கமாகவே உட்கார வைத்துப் பேசுகிறேன் என்கிறார்.

மேலூர் பழைய இன்ஜின்காரர்:

வலது காது, தாயி. அதுவும் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும்.

இரண்டு பேரும் வருகிறோம். வாக்லி முன்னால் நாங்கள் எடுத்த போட்டோ ஒன்று என்னிடம் இருக்கிறது. கொண்டு வருகிறேன். அம்மாவிடம் இருக்கிற போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு நாளைக்கு வைத்துப் பார்ப்போம்.